பேணல் வாரியத்தின் மஞ்சள் மீட்டர்

அரசுக் கட்டட மின்கருவிப் பேணல் வாரியம் என்று ஒன்று புதுச்சேரியில் இருப்பது, அதில் வேலை செய்கிறவர்களுக்கும் அதில் வேலை கேட்டு மனுப் போட்டவர்களுக்கும் மட்டுமே தெரியும். அரசுக் கட்டடங்களில் ஓடாத மோட்டாரை ஓட வைப்பதும் சுற்றாத விசிறியைச் சுற்ற வைப்பதும் அதன் பணி. வாரியத்தின் சொந்த அலுவலகத்தில் பாதி விசிறிகள் சுற்றுவதில்லை என்பதைக் குறையாகச் சொல்லக்கூடாது. சொந்த விசிறியைப் பழுது பார்க்க வாரியம் வாரியத்துக்கே கடிதம் எழுதியிருக்கிறது. கடிதம் பரிசீலனையில் இருக்கிறது.

கலியமூர்த்தி இந்த வாரியத்தில் முதல்நிலை வயர்மேன். உழவர்கரைப் பக்கம் விவசாயக் குடும்பம். நிலம் மனையானபோது அவர் கரண்ட் வேலைக்கு வந்துவிட்டார். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் இருந்தது டெஸ்ட் லேம்ப். அதாவது ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். ஒயரை வைத்தால் பல்பு எரியும், அல்லது எரியாது. சில சமயம் வெடிக்கும். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் மழைக்காலத்தில் அப்படி ஒரு பல்பு வெடித்து, கண்ணையன் என்கிற வயர்மேனின் கன்னத்தில் கண்ணாடித் துண்டு ஏறியது. செய்தி பத்திரிகையில் வந்தது. கன்னத்துக்காக அசையாத வாரியம் பத்திரிகைக்காக அசைந்தது. ஊழியர் பாதுகாப்பை முன்னிட்டு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குவது என்று முடிவாயிற்று.

எத்தனை என்பதில் விவாதம் நடந்தது. ஒன்று என்று முடிவாயிற்று.

மீட்டர் வந்த அன்று எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். கையடக்கமான மஞ்சள் மீட்டர். நடுவில் திருகும் வட்டம், மேலே எண் காட்டும் சின்னக் கண்ணாடி, கீழே ஒயர் செருக மூன்று ஓட்டை, சிவப்பிலும் கறுப்பிலும் இரண்டு ஒயர். குழந்தையை முதன்முதலாகப் பார்க்கிற தகப்பனைப்போல் கலியமூர்த்தி எட்டிப் பார்த்தார். அந்த நிமிஷமே அது தனக்குத்தான் என்று அவர் மனம் முடிவு செய்துவிட்டது. வாரியத்தில் அவரைவிட மூத்த வயர்மேன் கிடையாது.

இயக்குநர் கோபிநாத் பெட்டிக்குள்ளிருந்த கையேட்டை எடுத்துப் புரட்டினார். ஆகக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்த வியாபாரி எங்கிருந்து வாங்கினானோ, கையேட்டில் பிரெஞ்சும் ஸ்பானிஷும் மட்டுமே இருந்தன.

"படிக்காம கருவியத் தொடக்கூடாது. அதான் பாதுகாப்போட முதல் விதி," என்றார் இயக்குநர். "நம்ம ஊர்ல பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்கா பஞ்சம்? யாருக்குத் தெரியும், கை தூக்குங்க."

தபால் பிரிவில் உறை ஒட்டிக்கொண்டிருந்த சில்வேன் கை தூக்கினான். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா, அதாவது சிப்பாய். வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவன். பல்பு மாட்டத் தெரியுமா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

அவன் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தான். இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அடிக்கடி ஒரு வார்த்தை வருதே, ழமே, ழமேன்னு. அது என்னப்பா?"

"'ஒருபோதும் கூடாது'ன்னு அர்த்தம் சார். ஈரக் கையால ஒருபோதும் தொடக்கூடாது, ஒயர் பிஞ்சிருந்தா ஒருபோதும்..."

"போதும். பாத்தீங்களா? பிரெஞ்சுக்காரன் தெளிவா சொல்லியிருக்கான். பக்கத்துக்குப் பக்கம் ஒருபோதும் கூடாதுன்னு போட்டிருக்கான். இத வச்சே விதி எழுதிடலாம்."

மறுநாள் விதி வந்தது. சில்வேன் 'மீட்டர் அலுவலர் (பொறுப்பு)' ஆனான். அவன் தபால் பிரிவு எழுத்தர் என்பதால் மின்சாரத்தைத் தொட அவனுக்கு அனுமதி கிடையாது. ஆகவே: 'மீட்டரைத் தொடுபவர் மின்சாரத்தைத் தொடலாகாது. மின்சாரத்தைத் தொடுபவர் மீட்டரைத் தொடலாகாது.'

கலியமூர்த்தி அறிவிப்புப் பலகை முன் நின்று அதை இரண்டு தடவை படித்தார். அப்படியென்றால் மீட்டரால் எதைத்தான் அளப்பது என்று கண்ணையனிடம் கேட்டார்.

"அதான் பேட்டரி இருக்கே," என்றார் கண்ணையன். "பேட்டரியெல்லாம் மின்சாரத்துல சேராதாம். இன்னொரு சர்க்குலர் வந்திருக்குது, பாக்கலியா?"

அன்றுமுதல் சில்வேன் இடுப்பில் தோல் உறையோடு மீட்டரை மாட்டிக்கொண்டு, வாரியத்தின் சுவர்க் கடிகாரங்களையும் இயக்குநரின் டார்ச்சையும் கணக்குப் பிரிவின் கால்குலேட்டர்களையும் அளந்துவந்தான். அவனுக்கு ரப்பர் கையுறை கொடுத்தார்கள். கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். கடிகாரத்தைக் கழற்றும்போது நிற்பதற்கு ரப்பர் பாயும் உண்டு. அந்தப் பாயைத் தூக்கிவர தனி ஆள். கலியமூர்த்தி செருப்பில்லாமல் ஈரத்தரையில் நின்று டெஸ்ட் லேம்ப் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணையனின் கன்னம் ஆறியதும் அவருக்கும் புது பல்பு ஒன்று கொடுத்துவிட்டார்கள்.

வேலை இல்லாத நேரத்தில் சில்வேன் இரண்டு ஒயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைப்பான். மீட்டர் 'பீப்' என்று கத்தும். அந்தச் சத்தம் பக்கத்து அறையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிற கலியமூர்த்தியின் காதில் விழும். சோறு இறங்காது. ஒவ்வொரு பீப்புக்கும் வயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்துப் போடுவதுபோல் இருக்கும். அவன் மஞ்சள் துணியால் மீட்டரின் கண்ணாடியைத் துடைக்கிற அழகு, உறையைத் திறக்காமலே அதன்மேல் கை வைத்துக்கொண்டு நடக்கிற மிடுக்கு, எல்லாமே அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் சில்வேன் மாடிப்படியில் கால் இடறியபோது, ஐயோ மீட்டர் என்றுதான் பதறினார். அப்புறம், விழுந்து உடைந்திருக்கலாமே என்றும் நினைத்தார்.

வீட்டில் அவர் மனைவி தனக்கொடி சில வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சு உனக்கு? தூக்கத்துல பீப்பு பீப்புங்கிற. அடுத்தவன் பொண்டாட்டியப் பாத்து ஏங்குறாப்போல அந்த மீட்டரப் பாத்து ஏங்குறியே, வெக்கமா இல்ல?"

"அவனுக்கு ஃபேஸ் எது நியூட்ரல் எதுன்னு தெரியாதுடி. அவன் இடுப்புல தொங்குது."

"அவனுக்குப் பிரெஞ்சு தெரியுது. உனக்குத் தெரியலயே?"

வாயடைப்பதற்காக அவள் சொன்னது, கலியமூர்த்திக்கு வழியாகப் பட்டது.

கடற்கரைப் பக்கம், தூய்மா வீதிக்குப் பின்னால் மதாம் ஏஸ்தெல் என்றொரு ஓய்வுபெற்ற ஆசிரியை பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். கலியமூர்த்தி டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு, கதவோரம் நின்றார்.

"எதுக்கு முஸ்யே பிரெஞ்சு? பிரான்சுக்குப் போறீங்களா?"

"இல்லீங்க மதாம். மல்டிமீட்டருக்காக."

மதாம் கொஞ்சம் யோசித்தார். "அது எந்தப் பக்கம்? மர்சேய் பட்டணம் தாண்டியா?"

விளக்கிச் சொன்ன பிறகு அவருக்கு இன்னும் குழப்பமாயிற்று. ஆனாலும் சேர்த்துக்கொண்டார். ஏழு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, நாற்பத்து நாலு வயது கலியமூர்த்தி தன் பெயர் கலியமூர்த்தி என்பதை 'ழ மப்பேல் கலியமூர்த்தி' என்று மூக்கால் சொன்னார். மோட்டார் கொட்டகையில் போல்ட் முடுக்கும்போது 'தான்ழே, தான்ழே' என்று ஆபத்தை உருப்போட்டார். அவர் பிரெஞ்சு படிக்கிற செய்தி தெருவில் பரவியதும், அவருக்கு எப்படியோ பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கப்போகிறது என்று பேச்சானது. எதிர்வீட்டு தணிகாசலம் பேசுவதையே நிறுத்திவிட்டார். தன்னைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்படுகிறார் என்பது கலியமூர்த்திக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

சேர்த்து வைத்த லீவையெல்லாம் அரைநாள் அரைநாளாக இதற்கென்றே கரைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அவர் மனுப் போட்டார்: மின்சாரமும் தெரியும், பிரெஞ்சும் தெரியும், மீட்டரை என்னிடம் தாருங்கள். வாரியம் இப்படியொரு நிலைமையை எதிர்பார்த்திருக்கவில்லை. இயக்குநரே தேர்வு நடத்தினார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. கையேட்டைப் பிரித்துக் கொடுத்து, படிக்கச் சொன்னார். கலியமூர்த்தி வியர்வை வழிய ஒரு பக்கம் படித்தார்.

"என்ன புரிஞ்சுது?" என்று கேட்பார் என பயந்தார். ஏனென்றால் 'ஆபத்து', 'கூடாது' தவிர அதிகம் ஒன்றும் புரியவில்லை.

இயக்குநர் அப்படி ஏதும் கேட்கவில்லை. "நல்லா வருது. மூக்குலேருந்து வருது. பாஸ்," என்றார்.

அடுத்த வாரம் பாதுகாப்பு வாரம் தொடங்குவதாக இருந்தது. மீட்டர் வந்த நாளிலிருந்து அதனால் ஒரு விபத்துகூட நேரவில்லை என்பதற்காக வாரியத்துக்குக் கேடயம் கொடுக்கத் துறைச் செயலர் வருகிறார். விழா மேடையில் மீட்டரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று செய்துகாட்ட கலியமூர்த்தியை நியமித்தார்கள். தொடலாகாது என்ற விதி அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தளர்த்தப்பட்டது.

விழா நடந்தது வாரியத்தின் வளாகத்தில். பந்தல், சீரியல் விளக்கு, பின்னால் ஊதாத் திரை. பந்தல்காரர் கம்பத்திலிருந்து நேராக ஒயர் இழுத்து, பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதில் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தார். பாதுகாப்பு வாரம் என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே அந்த மெயின் சுவிட்ச் இருந்தது.

மேடைக்குப் பின்னால் சில்வேன் இடுப்பிலிருந்து உறையைக் கழற்றினான். முகம் வாடியிருந்தது. கலியமூர்த்தி அதைப் பார்த்து மகிழ்ந்தார். இத்தனை மாதம் அவர் பட்ட வயிற்றெரிச்சலில் கால்வாசியாவது இவன் படட்டும்.

"அண்ணே, ஒரு விஷயம்," என்றான் சில்வேன். "காலைல இயக்குநர் சார் கார்ல பார்க்கிங் லைட்டு எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு பாக்கச் சொன்னாரு. அதனால இந்த செவப்பு ஒயரு..."

"தெரியும்பா."

"இல்லண்ணே, மாத்தாம உட்டுட்டேன், அது பத்து ஆம்பியர் ஓட்..."

"இருவது வருஷமா கரண்ட்ல கை வச்சினு இருக்கேன். கடிகாரம் அளந்தவன் நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? குடு இங்க."

வாங்கிக்கொண்டார். கையில் அதன் கனம் பட்டதும் அவருக்கு வேறு ஒன்றும் காதில் விழவில்லை.

மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"மற்ற துறைகளில் கருவி வாங்குகிறார்கள். உடனே பயன்படுத்துகிறார்கள். விபத்து நடக்கிறது. நாம் அப்படி அல்ல. கருவியை வாங்கினோம், பாதுகாத்தோம். ஊழியரைப் பாதுகாக்க வந்த மீட்டரை ஊழியரிடமிருந்தே பாதுகாத்தோம். இந்தப் பெருமை இந்தியாவில் வேறு எந்த வாரியத்துக்கு உண்டு?"

செயலர் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். கலியமூர்த்தி அழைக்கப்பட்டார். முன்வரிசையில் தனக்கொடி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் மைக்கில் "போன்ழூர்" என்று வணக்கம் சொன்னார். கூட்டம் ஆரவாரித்தது. வட்டத்தைத் திருகி, வோல்ட் அளக்கிற இடத்தில், அதிலும் உயர்ந்த எல்லையில் சரியாக வைத்தார். சிவப்பு ஒயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. அது கரண்டை அளக்கிற ஓட்டையில் இருந்தது. அந்த ஓட்டையில் செருகிக்கொண்டு வீட்டு பிளக்கில் வைப்பது, இரண்டு துளைகளையும் ஒரு கம்பியால் இணைப்பதற்குச் சமம். அவர் இரண்டு முனைகளையும் மேடையில் இருந்த பிளக்கில் செருகினார்.

வெள்ளையாக ஒரு வெளிச்சம். சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. ஒயர்கள் உருகித் தீப்பிடித்தன. செம்புக் கம்பி போட்ட பியூஸ் போகவே இல்லை. கம்பத்திலிருந்து வந்த மின்சாரம் மொத்தமும் அந்தச் சின்ன மஞ்சள் பெட்டி வழியாகப் பாய்ந்தது. மீட்டரின் முதுகு பிளந்து புகை வந்தது. ஊதாத் திரையின் ஓரத்தில் நெருப்பு ஏறியது. கலியமூர்த்தி எரிகிற ஒயரைப் பிடித்தபடி சிலையாக நின்றார். இயக்குநர் மைக்கில் "யாரும் எதையும் தொடாதீங்க, அனுமதி இல்லாம யாரும் எதையும் தொடாதீங்க" என்று கத்திக்கொண்டே மேடையிலிருந்து குதித்தார்.

சில்வேன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினான். பாயும் போடவில்லை, கையுறையும் மாட்டவில்லை. மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினான். எல்லாம் அணைந்தது. பிறகு மேடையில் ஏறி, திரையைப் பிய்த்துக் காலால் மிதித்து நெருப்பை அணைத்தான். கலியமூர்த்தியின் கையிலிருந்த ஒயரைத் தட்டிவிட்டான்.

"அண்ணே, இங்க பாருண்ணே. கண்ணு தெரியுதா? நான் யாரு சொல்லு?"

"சில்வேன்," என்றார் கலியமூர்த்தி. வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

தனக்கொடி அழுதுகொண்டே மேடையேறினாள். செயலர் போய்விட்டார். கேடயத்தை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

விசாரணை நடந்தது. விழாவை ஏற்பாடு செய்தவர் இயக்குநர் கோபிநாத் என்பதால், விஷயம் முழுதும் தெரிந்தவர் என்ற முறையில் விசாரணை அதிகாரியாகவும் அவரே இருந்தார். கையில் கட்டோடு வந்த கலியமூர்த்தியை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"கலியமூர்த்தி, உங்க மேல தப்பே இல்ல. சிவப்பு ஒயர தப்பான ஓட்டையில விட்டது யாரு? அந்தப் பையன். அப்புறம், மின்சாரத்தத் தொடக்கூடாத எழுத்தர் மெயின் சுவிட்சத் தொட்டிருக்கான். ரெண்டு குத்தம். நீங்க 'அவன் எனக்கு ஒண்ணும் சொல்லல'ன்னு ஒரு வரி சொன்னா போதும், அவனத் தூக்கிடலாம். புது மீட்டர் வருது. மீட்டர் அலுவலர் நீங்கதான். பொறுப்புன்னு அடைப்புக்குறிகூட கெடையாது."

கலியமூர்த்தி டீயை இடது கையால் எடுத்தார். இத்தனை மாதம் அவர் கேட்டது இதைத்தான். தோல் உறை, கண்ணாடி, பாய். அவன் இல்லாத வாரியம். அவன் வாடிய முகத்தோடு உறையைக் கழற்றியதும், அண்ணே என்று கூப்பிட்டதும் நினைவுக்கு வந்தன. அந்த முகத்தைப் பார்த்துத் தான் மகிழ்ந்ததும் நினைவுக்கு வந்தது.

"அவன் சொன்னான் சார்," என்றார்.

"என்ன சொன்னான்?"

"ஒயரு மாத்தாம இருக்குதுன்னு சொன்னான். ரெண்டு தடவ சொல்ல வந்தான். நான்தான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"பொறாமை சார்."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "பொறாமையா? அப்படில்லாம் எழுத முடியாதுங்க. கவனக்குறைவு இருக்கு, கீழ்ப்படியாமை இருக்கு, குடிபோதைகூட இருக்கு. பொறாமை எந்தப் பிரிவுல வருது?"

"தெரியல சார். ஆனா அதான் காரணம். அவன் மெயின எறக்கலன்னா நான் இந்நேரம் ஃபோட்டோல மாலையோட இருப்பேன். அவன் மேல நடவடிக்கை எடுத்தீங்கன்னா, பத்திரிகைக்காரங்க கிட்டயும் இதையேதான் சொல்லுவேன். பியூஸ்ல செம்புக் கம்பி போட்டதையும் சொல்லுவேன்."

பத்திரிகை என்றதும் வாரியத்துக்கு எப்போதும் நியாய உணர்வு வரும். யாரும் வேலை இழக்கவில்லை. விசாரணை அறிக்கையில், மீட்டர் பயன்படுத்தப்பட்டதே விபத்துக்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. இனி புது மீட்டர் இயக்குநர் அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கும். அதைக் கேள்விப்பட்ட துணை இயக்குநர் தன் அறைக்கும் ஒன்று கேட்டார். அவருக்கு வந்தது சற்றுப் பெரியது; அதனால் இயக்குநர் தன்னுடையதை மாற்றினார். கணக்கு அதிகாரி இரண்டு வாரம் யாரோடும் பேசாமல் இருந்து தனக்கொன்று வாங்கிக்கொண்டார். வருஷம் முடிவதற்குள் வாரியத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிற எல்லோர் மேஜையிலும் மீட்டர் இருந்தது. வயர்மேன்களின் பாதுகாப்புக்காக டெஸ்ட் லேம்ப் பல்பைச் சுற்றிக் கம்பி வலை கட்டித் தந்தார்கள்.

சில்வேனைப் பற்றித் தனி உத்தரவு வந்தது. மின்சாரத்தைத் தொட்டவர் விதிப்படி வயர்மேன். ஆகவே தொட்ட தேதியிலிருந்து அவன் எழுத்தர் அல்ல. கலியமூர்த்திக்கு உதவியாளாக அவனைப் போட்டார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார்கள்.

கை ஆறியபின் கலியமூர்த்தி நேரு வீதியில் ஒரு கடைக்குப் போய், சொந்தக் காசில் ஒரு மல்டிமீட்டர் வாங்கினார். தனக்கொடி கூடவே போய் நல்லதாகப் பார்த்து எடுக்கச் சொன்னாள். முதல் வேலை கதிர்காமத்தில் அரசு ஊழியர் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார். இருவரும் வண்டியில் போனார்கள்.

கொட்டகைக்குள் போனதும் சில்வேன் கையேட்டில் படித்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.

"ஒயர மொதல்ல தடவிப் பாருண்ணே, எங்கயாச்சும் பிஞ்சிருக்கா? ஓட்டையப் பாரு. கறுப்பு நடுவுல, செவப்பு வோல்ட்டுல. வட்டத்தத் திருகி பெரிய எண்ணுல வை. கரண்ட் இருக்குன்னு தெரிஞ்ச பிளக்குல மொதல்ல வச்சுப் பாரு. விரல முனைக்கிட்ட கொண்டு போகாத. செருப்பு எங்கண்ணே?"

"வண்டில இருக்கு."

"போட்டுட்டு வா."

கலியமூர்த்தி முணுமுணுத்துக்கொண்டே போய் செருப்பு மாட்டி வந்தார். அவன் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தார். கடைசியில் முனைகளை வைத்தார். சின்னக் கண்ணாடியில் எண்கள் ஓடி, இருநூற்று இருபத்தெட்டில் நின்றன. சத்தம் இல்லை, புகை இல்லை.

"அண்ணே," என்றான் சில்வேன். "நான் இதுவரைக்கும் பேட்டரியத் தவிர எதையும் அளந்தது இல்ல. ஒரே ஒரு தடவ என் கைல குடேன்."

கலியமூர்த்தி முனைகளை எடுத்தார். மீட்டரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். வயிற்றில் அந்தப் பழைய தீக்குச்சி ஒன்று மறுபடியும் கிழிபட்டது. அவன் அளக்கும்போது இருநூற்று முப்பது வந்துவிட்டால் என்ன செய்வது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"இந்தா," என்று நீட்டினார்.

சில்வேன் வாங்கிக்கொண்டான். மீட்டரைக் கையில் மாட்டிக்கொள்ளும் வாரை மட்டும் கலியமூர்த்தி விடவில்லை.